கல்லாவில் நிற்பவருக்கு வந்த ஃபோன்

மருந்தகத்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றே எனக்கு இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. துப்பாக்கியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைமேல் நடந்த வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிச்சுற்றி வருகிறது. காரணம், அந்தக் கடைக்காரர் தரப்பு வாதத்தை என் வாயாலேயே நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்த வழக்கு. மிசௌரி மாநிலம், 2012 ஜூன். தீவிர மனநோயால் அவதிப்படும் மகளின் தாய் ஒருவர் துப்பாக்கிக் கடைக்கு ஃபோன் செய்கிறார். மகள் ஏற்கெனவே அதே கடையில் ஒரு துப்பாக்கி வாங்கியவள். அவளுக்கு உதவிப்பணம் வரும் நாள் நெருங்குகிறது. மறுபடி வருவாள், தயவுசெய்து விற்காதீர்கள் என்று கெஞ்சுகிறார். மகளின் பெயர் உட்பட அடையாள விவரங்களையும் கொடுக்கிறார். இரண்டு நாள் கழித்து மகள் வருகிறாள், கணினிப் பதிவுகளில் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் பின்புலச் சோதனையில் தேறுகிறாள், துப்பாக்கியோடு வெளியே போகிறாள். ஒரு மணி நேரத்துக்குள் அவளுடைய அப்பா அவள் சுட்டு இறந்துகிடக்கிறார். தாய் கடைமேல் வழக்குப் போடுகிறார்.

அந்த விற்பனையில் சட்டம் எங்கே மீறப்பட்டது? தேடினால் கிடைக்காது. மனநிலை பற்றி நீதிமன்றம் தீர்ப்பளித்தோ, கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்தோ இருந்தால்தான் மத்தியச் சட்டம் அந்தக் காரணத்துக்காக ஒருவருக்குத் துப்பாக்கியை மறுக்கிறது. வீட்டுக்குள் அம்மா கண்டு நடுங்குகிற நோய் எந்தக் கணினியிலும் பதிவாவதில்லை. கணினிக்குத் தெரியாத விஷயம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் இந்த வழக்கு.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என் மருந்தகத்துக்கு ஃபோன் செய்தார். "என் வீட்டுக்காரர் தூக்க மாத்திரை வாங்க வருவார். கொடுக்காதீங்க மேடம், அவர் மனசு சரியில்ல." பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். "மருந்துச்சீட்டு சரியா இருந்தா நான் மறுக்க முடியாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நொடியில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. மறுநாள் அவர் வந்தார். சீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதத்துக்கான மாத்திரை. பெட்டியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. "கொஞ்சம் உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மருத்துவரை அழைத்தேன். அவருக்கு வீட்டு நிலவரம் தெரிந்திருக்கவில்லை. சீட்டை ஒரு வாரத்துக்கு மாற்றினார், அவரை அன்று மாலையே வரச்சொன்னார். அந்த மனைவியிடம் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"சட்டப்படி விற்றேன், அப்புறம் நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்ற கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. விற்ற ஒவ்வொரு பொருளும் போகிற வழியெல்லாம் விற்றவர் பின்னாலேயே போக முடியாது. ஒருவர் சோதனையில் தேறி, இயல்பாகப் பேசி, வாங்கிப் போய், மூன்று வருடம் கழித்து ஒருவரைச் சுட்டால் அந்தக் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது முன்வைத்த வாதமும் கிட்டத்தட்ட இதுதான்: வேறொருவர் செய்த குற்றத்துக்கு இவர்கள் மேல் வழக்குப் போடக் கூடாது.

ஆனால் அதே சட்டத்தில் சில விதிவிலக்குகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், ஒருவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது. மிசௌரி உச்ச நீதிமன்றம் 2016-ல் அதைத்தான் பிடித்துக்கொண்டது. பொதுவான அலட்சிய வழக்கு இந்தச் சட்டத்தின் முன் நிற்காது, ஆனால் இந்த விதிவிலக்கின்கீழ் தாய் வழக்கை நடத்தலாம் என்றது. அதே ஆண்டு 22 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது.

மில்வாக்கி என்ற அமெரிக்க நகரில் நடந்தது வேறு ரகம். அங்கே ஃபோன் எதுவும் வரத் தேவையிருக்கவில்லை. 2009-ல் வயது போதாத ஒருவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறார். எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று கையைக் காட்டுவது இளையவர். படிவத்தில் கையெழுத்துப் போடுவது கூட வந்தவர். பச்சையான பினாமி. "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு முதலில் இல்லை என்று குறித்து, பிறகு ஆம் என்று திருத்தியிருக்கிறார். அடுத்த மாதம் அந்தத் துப்பாக்கியால் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார்கள். 2015-ல் ஜூரி கடைக்கு எதிராக ஏறத்தாழ 60 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. படிவம் கடைசியில் சரியாகத்தான் இருந்தது! அடித்துத் திருத்திய இடத்தைப் பார்த்த கண் என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

இப்படி நடப்பது எல்லாக் கடைகளிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு 2000-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998-ல் குற்றங்களில் பிடிபட்டு, அப்போது தொழிலில் இருந்த வியாபாரிகள் வரை தடம் பிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் 57 சதவீதம் வெறும் 1.2 சதவீத வியாபாரிகளிடமிருந்து போனவை. அதிகம் விற்கும் கடையின் துப்பாக்கிகள் அதிகமாகப் பிடிபடுவது இயல்புதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த 1.2 சதவீதம் என் கண்ணை உறுத்துகிறது.

எனக்குள்ள பெரிய பயம் வேறு. விற்பவரை "ஆளைப் பார்த்து முடிவு செய்" என்று விட்டால் அவர் தோலின் நிறத்தையும் உடையையும் பேச்சின் சாயலையும் பார்த்து முடிவு செய்வார். என் கவுண்ட்டரிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பார்க்க வேண்டியது ஆளின் நடத்தையை: வாங்கும்போது என்ன சொன்னார், என்ன செய்தார், அவரை அறிந்தவர்கள் என்ன எச்சரித்தார்கள்.

இதைத் துப்பாக்கி வியாபாரிகளே செய்துகாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினார்கள். மூவரும் வாங்கிய சில மணி நேரத்திலேயே தங்கள் உயிரை முடித்துக்கொண்டார்கள். கடை உரிமையாளர் மேல் யாரும் குற்றம் சுமத்தவில்லை. ஆனால் அவரால் அதோடு விட முடியவில்லை. துப்பாக்கி வியாபாரிகளும் தற்கொலைத் தடுப்பில் உழைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, கடைக்காரர்களுக்கென்று குறிப்புகள் தயாரித்தார்கள். எந்த வகை என்றுகூட அக்கறையில்லாமல் ஏதோ ஒன்று கொடுங்கள் என்பவர், பராமரிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காதவர், சமீபத்திய பிரிவையோ வேலையிழப்பையோ பேச்சில் விடுபவர். இப்படிப்பட்டவரிடம் பேச்சுக்கொடுங்கள், மனம் ஒப்பவில்லை என்றால் விற்காதீர்கள். அங்கே வியாபாரிக்கு விற்க மறுக்கும் உரிமை இருக்கிறது. மாநிலத்தின் கடைகளில் ஏறத்தாழ பாதி இந்த முயற்சியின் சுவரொட்டிகளையும் அட்டைகளையும் வைத்தன. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள் என்பதை நினைத்தால், கல்லாவில் நடக்கும் அந்த இரண்டு நிமிடப் பேச்சின் எடை புரியும்.

அந்த ஃபோனுக்குப் பிறகு எங்கள் மருந்தகத்தில் ஒரு நோட்டு வைத்தோம். குடும்பத்தார் யாராவது கவலையோடு அழைத்தால் தேதி, நேரம், சொன்ன விஷயம் எல்லாம் அதில் ஏறும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஆள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான், "இது சட்டத்துல இருக்கா மேடம்?" இல்லை என்றேன். பேனாவை அவன் கையில் கொடுத்தேன்.