பிளேட்டு இரைச்சலும் தனம்மாள் வீணையும்

ஜூலை 7, 2024

பழைய பதிவுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கேட்கிற எங்கள் சின்னக் கூட்டம் இன்று கேட்டது டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று, நாலு நிமிஷம்தான் அடங்கும். அதற்குள் ராகத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற பதற்றம் வாசிப்பில் துளியும் இல்லை. காந்தாரத்தில், அதாவது 'க' ஸ்வரத்தில் நின்று அவர் அசைக்கிற அசைவிலேயே தோடி முழுசாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஷட்ஜ பஞ்சமத்தை ('ஸ', 'ப') தொடாமல் மேலே போகிற பிடிகளில் கூட்டத்தில் இருந்த மாமி கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்றார். வேறு யாரும் பேசவில்லை.

அப்புறம் பேச்சு பாரி நாகஸ்வரத்துக்குப் போனது. பழைய வகையான திமிரி நாகஸ்வரம் நீளம் குறைந்தது, சுருதி தூக்கலானது. நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு உட்கார்ந்து, சுத்த மத்யமம் ('ம' ஸ்வரம்) சரியாகப் பேசும்படி நீளமான பாரியைக் கொண்டுவந்ததில் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. மத்யமம் பிசகினால் தோடிக்கு ஏது உயிர்?

தட்டில் கரகரப்பு நிறையத்தான் இருந்தது. ஆனால் நாகஸ்வரத்துக்கு முன்னால் அது நிற்கவே இல்லை.

ஜூலை 9

நண்பர் ஒருவர் எஸ்.ஜி.கிட்டப்பா பாடிய 'எவரனி' கீர்த்தனையை அனுப்பியிருக்கிறார், இரண்டு பிரதிகளாக. ராகம் தேவாமிருதவர்ஷிணி. ஒன்றைவிட இன்னொன்று அரைக் கட்டை மேலே. எது நிஜக் குரல் என்று கேட்டிருந்தார்.

78-இல் சுழல வேண்டிய தட்டு ஏறக்குறைய 82.6-இல் சுழன்றாலே அரைக் கட்டை ஏறிவிடும். அந்தக் காலத்தில் 80-க்குப் பதிவான தட்டுகளும் உண்டு. கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடியவர் என்பதால் மேலே இருப்பதே சரி என்று எளிதாக நம்பிவிடலாம். நான் சாகித்யத்தைத்தான், பாட்டின் வார்த்தைகளைத்தான் பார்க்கிறேன். மேலே உள்ள பிரதியில் மெய்யெழுத்துகள் கடித்துத் துப்பியதுபோல் விழுகின்றன. கீழே உள்ளதில் வேகமான ஸ்வரச் சுழிப்புகளான பிர்காக்கள் அதே மின்னலோடு ஓடுகின்றன, வார்த்தையும் மனிதர் பேசுகிற வார்த்தையாக இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். 27 வயதில் போய்விட்டார். மிச்சமிருக்கும் தட்டுகளையாவது சரியான வேகத்தில் கேட்போம்.

ஜூலை 14

வீணை தனம்மாள். இந்த ஞாயிற்றுக்கிழமையை மாசக்கணக்கில் எதிர்பார்த்திருந்தேன்.

கொலம்பியா கம்பெனி பதிவு செய்தபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன நாதம், கிட்டே இருந்து கேட்க வேண்டிய நாதம். தட்டில் அந்த நாதத்தின் பக்கத்திலேயே இரைச்சலும் உட்கார்ந்திருக்கிறது.

வயலின் நண்பர் இதே பதிவைக் கணினியில் சுத்தம் செய்த பிரதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். சுத்தமான பிரதி முதலில் எல்லோருக்கும் பிடித்தது. ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாக, பளிச்சென்று விழுந்தது. "இப்போதுதான் வீணையே கேட்கிறது" என்றார் ஒருவர். அசல் பிரதிக்குத் திரும்பியதும் என்ன போயிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

தனம்மாள் அதிகம் மீட்டமாட்டார். ஒரு தடவை மீட்டி, இடது கையால் தந்தியை இழுத்து, தேய்ந்துகொண்டே போகும் அந்த ஒரே நாதத்துக்குள் இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கொண்டுவருவார். கடைசி ஸ்வரம் வரும்போது ஒலி இரைச்சலின் அளவுக்கு இறங்கியிருக்கும். பாட்டு தொடங்குமுன் உள்ள வெறும் இரைச்சலை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அந்த அளவில் இருப்பதையெல்லாம் கழித்துவிடுவதுதான் சுத்தம் செய்யும் மென்பொருளின் வேலை. கமகத்தின், அதாவது அந்த இழுப்பின் வால் எது, தட்டின் கரகரப்பு எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து நறுக்கிவிட்டது. மிஞ்சியது மீட்டுகள் மட்டும். தனம்மாள் பாணி எங்கே இருக்கிறதோ, சரியாக அந்த இடம் காலி.

அசலை மறுபடி போட்டோம், ஹெட்போனில் ஒவ்வொருவராக. இரைச்சலுக்குக் காது பழக அரை நிமிஷம் ஆகிறது. பழகிய பிறகு அந்த இழுப்பு இரைச்சலுக்குள் இறங்கி, தொலைந்துபோகாமல், அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு நிற்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிறகு பேத்திகள் பிருந்தா, முக்தா பாடிய க்ஷேத்ரக்ஞர் பதம். வீணையில் கேட்ட அதே வழுக்கல் தொண்டையில். எதையும் அடிக்கோடிட்டுக் காட்டாத பாட்டு. தனம்மாளைக் கேட்ட கையோடு இவர்களைக் கேட்டால்தான் அந்த வீட்டுச் சங்கீதம் பிடிபடும்.

ஜூலை 21

பாடகர் எம்.டி.ராமநாதன். 'சாகர சயன விபோ', பாகேஸ்ரீ ராகம், அவரே இயற்றியது. பாட்டில் அவர் கையெழுத்தாக வரும் முத்திரை 'வரததாச', குருநாதர் டைகர் வரதாச்சாரியாரை நினைத்து வைத்துக்கொண்டது.

எங்கள் கூட்டத்தில் இளையவருக்கு இவரோடு பொறுமை இல்லை. "எப்போ சார் அடுத்த வரி வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சொல்லை வைத்துவிட்டு, கார்வையில் (நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தில்) நிறுத்தி, அது அடங்கிய பிறகே அடுத்ததை எடுப்பார் ராமநாதன். அந்த இடைவெளியில் தம்புராவைக் கேளுங்கள் என்று சொன்னேன். இரண்டாம் முறை போட்டபோது அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இது கச்சேரி ஒலிநாடா என்பதால் தொல்லை வேறு மாதிரி, மின்சார முனகல். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அது உட்காரும். ராமநாதனின் கனத்த மந்திர ஸ்தாயியும் (கீழ் ஸ்தாயி) அந்தப் பக்கம்தான் சஞ்சரிக்கிறது. முனகலை முரட்டுத்தனமாக வடிகட்டினால் குரலின் அடிப்பாகம் கரைந்து, யாரோ மெலிந்த மனிதர் பாடுவதுபோல் ஆகிவிடுகிறது.

ஜூலை 23

போனில் நீண்ட பேச்சு. முடிவு இதுதான்: தட்டிலிருந்தும் நாடாவிலிருந்தும் எடுத்த அசல் கோப்பை யாரும் தொடக் கூடாது. சுழற்சி வேகம், எந்த ஊசி, எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கூடவே எழுதிவைக்க வேண்டும். சுத்தம் செய்கிறவர் தனிப் பிரதியில் செய்துகொள்ளலாம். வயலின் நண்பருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கரகரப்பு இருந்தால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்கிறார். கிட்டப்பாவுக்கும் ராஜரத்தினம் பிள்ளைக்கும் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தனம்மாளுக்கு மட்டும் மாட்டேன்.

அடுத்த ஞாயிறு பல்லடம் சஞ்சீவ ராவ் புல்லாங்குழல், அப்புறம் மாலியின் புல்லாங்குழல். தட்டுகள் மாமியிடம் இருக்கின்றன, ஊசி நான் கொண்டுபோக வேண்டும்.