சிங்கா ஸ்காலர்ஷிப் கெடச்சிருச்சு, ஆனா டிரான்ஸ்கிரிப்ட் உயிரை எடுத்துருச்சு

சிங்கப்பூர்ல பிஎச்டி படிக்க வர்ற வெளிநாட்டுப் பசங்களுக்குக் குடுக்குறதுதான் இந்த சிங்கா. அதுல நான் கடல் அறிவியல்ல பிஎச்டி சேந்துட்டேன்னு தெரிஞ்சதுலேருந்து ஊர்ல இருக்குற ஜூனியர் பசங்க எல்லாம் "அண்ணே, இன்டர்வியூல என்ன கேப்பாங்க"ன்னே கேக்குறாங்க. இன்டர்வியூ ஒண்ணுமே இல்லடா தம்பிகளா, பேசுனாங்க, முடிஞ்சுது. படுத்துனது எல்லாம் நான் எம்எஸ்சி படிச்ச காலேஜ்தான்.

இங்க ஒரு லேப்ல தண்ணி டெஸ்ட் பண்ற வேலை பாத்துக்கிட்டேதான் அப்ளை பண்ணேன். சிங்காவுக்கு ஆகஸ்ட்ல சேரணும்னா முந்துன டிசம்பர் 1க்குள்ள போட்டாகணும். டிரான்ஸ்கிரிப்ட், அதான் எல்லா பேப்பர் மார்க்கும் இருக்குற சர்டிஃபிகேட், அதக் கேட்டு காலேஜ் தேர்வுப் பிரிவுக்கு போன் போட்டா "ஆள் நேர்ல வரணும்". சார் நான் சிங்கப்பூர்ல இருக்கேன்னா "அப்ப லீவுல வாங்க". சரின்னு லெட்டர் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பி அப்பாவப் போகச் சொன்னா, இது பேனா கையெழுத்து இல்ல, பிரிண்ட் அவுட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மனுஷன் ரெண்டு பஸ் மாறிப் போயிருக்காரு. அப்புறம் ஊருக்குப் போற ரூம்மேட் அண்ணன்கிட்ட ஒரிஜினல் லெட்டரக் குடுத்து விட்டு ஒரு வழியா வாங்குனா, அதுல மரைன் எகாலஜிய மெரினா எகாலஜின்னு அடிச்சு வெச்சிருக்காங்க! அதத் திருத்த மறுபடி அப்பாதான் அலைஞ்சாரு. தயவுசெஞ்சு கையில வாங்குனதும் கவுன்டர்லயே நின்னு ஒவ்வொரு வரியா படிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

அடுத்து ரெஃபரீ, அதான் நம்மளப் பத்தி எழுதிக் குடுக்குறவங்க. ரெண்டு பேரும் லிங்க்ல போயி அவங்களே ரிப்போர்ட் போடணும், நாம போட முடியாது. எங்க பழைய ஹெச்ஓடி ரிட்டயர் ஆனதும் அவரோட காலேஜ் மெயில மூடிட்டாங்க, எனக்கு யாரும் சொல்லல, லிங்க் எங்கயோ போயிருச்சு. போன்ல புடிச்சு புது மெயிலுக்கு அனுப்ப வெச்சா அது ஸ்பேம்ல கெடக்கு. அவரு பேத்திதான் தேடி எடுத்துக் குடுத்துச்சு, நல்லா இருக்கட்டும்.

உருப்படியா நான் பண்ண ஒரே விஷயம் பிஎச்டிக்கு கைடா வரப்போற சூப்பர்வைசருக்கு முன்னாடியே மெயில் போட்டது. இங்க இருக்குற என்டியூ யுனிவர்சிட்டியோட ஏஷியன் ஸ்கூல் ஆஃப் தி என்விரான்மென்ட்டோ, என்யூஎஸ் யுனிவர்சிட்டியோட ட்ராபிகல் மரைன் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்டோ, எங்க போட்டாலும் கடல்னா உசுருன்னு எழுதுனா யாரும் சீண்ட மாட்டாங்க. இங்க கடல் கலங்கல், வெளிச்சம் கீழ எறங்காது, அதனால பவளம் எல்லாம் மேலாப்புல ஆழம் கம்மியான எடத்துலதான் இருக்கும். நம்ம ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல பாக் விரிகுடா பக்கமும் தண்ணி கலங்கல்தான், அங்க நான் பாத்த இனங்களப் பத்தி ரெண்டு பத்தி எழுதி, இங்க எது தாக்குப் புடிக்குதுன்னு கேட்டேன். அன்னைக்கு சாயங்காலமே ரிப்ளை!

ஸ்டூடண்ட் பாஸ், மெடிக்கல் எல்லாம் சுலபமா முடிஞ்சிருச்சு.

இன்னொண்ணு, சேர்றேன்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்பார்க்ஸ் (இங்க பூங்கா, இயற்கை எல்லாம் பாத்துக்குற அரசு அமைப்பு) பெர்மிட்டும் படகுச் செலவும் ப்ராஜெக்ட்ல ஏற்கனவே இருக்கான்னு கேட்டுக்குங்க. பெர்மிட் இல்லாம பவளப்பாறைல ஒரு துண்டு பவளம் எடுக்க முடியாது. எனக்குப் பக்கத்து டெஸ்க் பொண்ணு கேக்காம சேந்துட்டு, நாங்க மரீனா சவுத் பியர்ல படகு ஏறி செயின்ட் ஜான்ஸ் தீவு லேபுக்குப் போறப்பல்லாம் ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கு.