முக்கால் மணி நேரம்

மொரீஷியஸில் லாகூப் என்கிற கரும்பு வெட்டுக் காலத்தின் உச்சத்தில், செப்டம்பர் கடைசியில், சோதிக்க எடுத்த கரும்புச் சாறு எங்கள் சர்க்கரை ஆலை லேப் மேசையில் முக்கால் மணி நேரம் தொடாமல் கிடந்தது. அதை அளந்து வாசிக்க வேண்டிய, என்னோடு வேலை செய்கிற தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்தக் கரும்பு லோடுக்குச் சொந்தக்காரர், முந்தின வாரம் எடைமேடையில் பத்துப் பேர் முன்னால் அவன் அப்பாவை, தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த பழைய சர்தாரை, கரும்புக் கட்டுக் கணக்கில் திருடினவன் என்று சொன்னவர்.

பழி தீர்க்க எங்கள் வேலையில் கையை ஓங்க வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சாற்றில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்கிற பிரிக்ஸை வந்தவுடன் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து எழுதிவிடலாம். சாறு ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்துச் சர்க்கரையைக் கணிக்கும் பொல்லுக்குத்தான் கைவேலை: தெளியவைக்க ஈய சப்அசிடேட் தூளைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, முதலில் விழும் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, தெளிந்ததை 200 மி.மீ. குழாயில் ஊற்றி வாசிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரை, உடையத் தொடங்கும். சுக்ரோஸ் ஒளியை +66.5 டிகிரி என்று வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் சுமார் 20. பிரிக்ஸ் ஏறக்குறைய அப்படியே நிற்க, பொல் மட்டும் இறங்கும். தாளைப் பார்க்கிறவர், 'வெட்டிப்போட்டு நாளான கரும்பு' என்று முடித்துவிடுவார். பழி கரும்புக்காரர் தலையில்.

"இது எப்பப்பா வந்தது?" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணே. சாப்பிட்டு வந்து பார்க்கிறேன்."

அந்த இடத்தில் நான் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்பாவைப் பற்றியோ, சாமியைப் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை. "கிருமி புகுந்தா டெக்ஸ்ட்ரான்னு ஒரு பசை வரும். அது சுக்ரோஸைவிட மூணு மடங்கு வலப்பக்கம் திருப்பும். அந்த ஆளுக்கு நீயே பொல்லைக் கூட்டிக் கொடுப்ப" என்றேன். அவன் சிரித்தான். குடுவையை எடுத்தான்.

ஒரு மதியத்தில் அளக்கும்படி டெக்ஸ்ட்ரான் வராது. வெட்டிய கரும்பு வெயிலில் சில நாள் கிடந்தால்தான் அந்தப் பேச்சு. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அப்படியானால் எது அவனை எழுப்பியது?

"கோவிந்தன் விரதத்துல இருக்கேன் அண்ணே. எப்படியும் செஞ்சிருக்க மாட்டேன்" என்றான் பிறகு. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாதவன், நம்பலாம். ஆனால் மாட்டேன் என்கிறவன் எதற்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான்? சில நாள் தோன்றும், அந்த நேரம்தான் விரதம் என்று. செய்யவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்திருக்கிறான். சில நாள், நான் வராவிட்டால் சாப்பிடத்தான் போயிருப்பான் என்று தோன்றும். புரட்டாசி முடிந்தாலும் லாகூப் டிசம்பர் வரை ஓடுமே.

வாசிப்பு, அவருடைய வழக்கமான எண்ணுக்கு 0.1 கீழே வந்தது. இரண்டு பேர் ஒரே சாற்றை வாசித்தாலே அவ்வளவு வித்தியாசம் வரலாம். தாமதத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. எழுதினால் பையன் வேலை போகும். அதுவும் ஒரு நியாயம்தான். சர்க்கரையில் 78 பங்கு விவசாயிக்கு, 22 பங்கு ஆலைக்கு என்று காலங்காலமாய்ப் பிரித்த தீவு இது. அந்த 0.1 யார் பங்கில் போனது என்று நினைக்காமலிருக்க முடியவில்லை.

மறுவாரம் அதே ஆளின் லோடு. தம்பி லீவு. வந்ததும் நானே எடுத்துச் செய்தேன். ஈயம் கொஞ்சம் கூடிவிட்டால், உடைந்த கலவையில் இருக்கும் பழச்சர்க்கரையின் இடப்பக்கத் திருப்பம் குறையும், பொல் ஏறும். ஒரு சிட்டிகை அதிகம் போட்டால் போன வாரத்துக் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியாது. கரண்டி குவிந்துதான் வந்தது. விரல் நுனியால் வழித்து மட்டமாக்கிவிட்டுப் போட்டேன்.