கடைசிப் பத்தி

செய்திப் பிரிவில் எனக்கு இரவு ஷிப்ட். போர்ச் செய்திகள் ஏஜென்சி வழியாக வரும். முதலில் பலி 41 என்று இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து 43 என்று திருத்தம் வரும். தலைப்பில் 1-ஐ அழித்துவிட்டு 3 அடிப்பேன். ஒரு நொடி வேலை. அப்புறம் அடுத்த செய்தி.

பல வருடங்கள் இப்படியே ஓடின. ஒரு விடியற்காலையில் வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த இரண்டு பேர் யார் என்ற கேள்வி விடவே இல்லை. உலகம் போகிற போக்கை நினைத்தால் பயமாக இருந்தது. அந்த எண்ணை அத்தனை சுலபமாக மாற்றிவிட்டதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் கலைஞரைப் பற்றிப் படித்தேன். 1914 அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். வயது 18. அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய உட்கார்ந்தார். முதலில் மகனின் உடலையும் அதில் வடிக்க நினைத்தார். மனம் ஒப்பவில்லை, நடுவில் கைவிட்டார், மறுபடி தொடங்கினார். 1932-ல் கல்லறைத் தோட்டத்தில் சிற்பம் வைக்கப்பட்டபோது அதில் மகன் இல்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும், தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். அப்பா தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். அம்மா குனிந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் தொடவில்லை. மகன் எத்தனை வருடம் வாழ்ந்தானோ, கிட்டத்தட்ட அத்தனை வருடம் அந்தச் சிற்பத்துக்கும் ஆகியிருக்கிறது. படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

புறநானூற்றில் பாரியின் மகள்கள் இதே துயரத்தை ஐந்தே வரிகளில் சொல்லிவிட்டார்கள். போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கே அதில் கிடையாது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பாட்டு. இப்போது ஷிப்ட் நடுவே நினைவுக்கு வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கவிதை படித்தால் குண்டு நிற்குமா என்று உடன் வேலை செய்பவர் ஒருமுறை கேட்டார். நிற்காதுதான். ஆனால் நான் செய்தி படிக்கும் விதம் மாறியிருக்கிறது. இடம் போதாவிட்டால் நாங்கள் முதலில் வெட்டுவது கடைசிப் பத்தியை. பெரும்பாலும் அதில்தான் யாராவது ஒரு மனிதர் வருவார். போன வாரம் வந்த செய்தியில், இடிபாடுகளுக்குள் ஒரு தாய் மகனின் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி. அதை இரண்டாம் பத்திக்கு ஏற்றிவிட்டு, ராணுவச் செய்தித் தொடர்பாளரின் அறிக்கையில் மூன்று வரிகளைக் குறைத்தேன்.