ஸ்கேனர் மைனஸ் 40 காட்டினால் மகிழுங்கள்

ஐடிஐ மோட்டார் மெக்கானிக் முடிவு வந்துவிட்டது. தியரி மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, பிராக்டிகல்தான் கரையேற்றியது. எனக்கு விழுந்ததோ எல்லோரும் பயப்படும் ஏசி வண்டி. கூலிங் இல்லை, காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவன், வண்டியைத் தொடாமலே "கேஸ் குறைந்திருக்கும் சார்" என்றான். தேர்வாளர் முகத்தைச் சுளித்தார்.

வண்டிக் கணினி சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். எவாபரேட்டர், அதாவது காற்றைக் குளிரவைக்கும் காயில், அதன் சென்சார் காட்டிய வெப்பநிலை மைனஸ் 40! வேர்த்து ஊற்றும் ஷெட்டுக்குள் இந்த எண் வந்தால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. காயிலில் ஐஸ் கட்டிவிட்டது என்று நம்பி, ஈசியூ (வண்டியின் கணினி) கம்ப்ரெசரை ஓடவே விடாது. எவ்வளவு கேஸ் ஏற்றியும் பயனில்லை.

உடனே சென்சாரைக் குற்றம் சொல்லாதீர்கள். சென்சாரா, ஒயரா என்று பிரிப்பதற்குத்தான் மதிப்பெண். கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு பின்னையும் துண்டு ஒயரால் இணைத்தேன். மைனஸில் கிடந்த எண் ஒரே தாவலில் உச்சத்துக்குப் போனது. அப்படியென்றால் ஒயரும் ஈசியூவும் சரி, சென்சார்தான் போய்விட்டது. எண் அசையாவிட்டால் ஒயரைத் தேடுங்கள். மாறாக, முதலிலேயே உச்சத்தில் நின்றால் கனெக்டரைக் கழற்றினால் போதும், மைனஸ் 40க்கு இறங்க வேண்டும். இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்று ஒயர் பிரஷர் சென்சாரில் இந்த வேலையைக் காட்டாதீர்கள். 5 வோல்ட் சப்ளை எர்த்தோடு சேர்ந்தால், அதே சப்ளையில் இருக்கும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும்.

மற்றவை:

- கழற்றிய சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்து ஓம் (மின்தடை) பாருங்கள், பிறகு உள்ளங்கையில் பொத்திக்கொள்ளுங்கள். சூடேற ஏற அளவு சீராக இறங்க வேண்டும். துள்ளினால் மாற்ற வேண்டியதுதான்.
- டாஷ்போர்டில் சிறு கிரில்லுக்குப் பின்னால் இருக்கும், வண்டிக்குள் சூட்டை அளக்கும் சென்சார்: முதலில் தூசி பாருங்கள், அடுத்து காற்று இழுக்கும் குழாய்.
- வெயில் சென்சார்: டொயோட்டாவில் இருட்டான இடத்தில் சோதித்தால், சென்சார் நன்றாக இருந்தாலும் கோளாறுக் குறியீடு வரும். வெளிச்சத்துக்குத் தள்ளிப் பாருங்கள்.
- ஓடி வந்து நின்ற வண்டியில் வெளிக்காற்று சென்சார் எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். நம்பாதீர்கள்.

எதைத் தொடும் முன்பும் ஏன் தொடுகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு வாய் அதிகம், எளிதாக இருந்தது. கூச்சப்படுகிறவர்கள் படி படியாகத் தாளில் எழுதி நீட்டலாம். தியரிக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.