பின்சீட்டுப் புகை: கடைசியில் பின்கதவில் பிடிபட்டது

என் டொயோட்டா லைட்டேஸ் வேனின் கடைசி சீட்டில் வைத்த கார்பன் மோனாக்சைடு (இன்ஜின் புகையில் வரும் விஷவாயு) மீட்டர், பெகூ போய் ரங்கூன் திரும்பும் வரை பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை. கடைசி சீட்டுக்குப் புகை எந்த வழியாக வருகிறது என்பதுதான் மழை தொடங்கியதிலிருந்து என்னைத் தூங்கவிடாத விஷயம். பிடிபட்ட சந்தோஷத்தில் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

வண்டி 5கே பெட்ரோல் இன்ஜின், கார்புரேட்டர். முன்சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கும் வேன் என்பதால், புகை என்றதும் யாரும் இன்ஜின் மூடியைத்தான் கை காட்டுவார்கள். எங்கள் மெக்கானிக் சயாவும் அதையேதான் சொன்னார். ஆனால் முன்னால் உட்காரும் எனக்கும் மச்சானுக்கும் ஒன்றுமே இல்லை. தலைவலி வந்ததெல்லாம் கடைசி சீட்டில் உட்காரும் அக்கா பிள்ளைகளுக்கு. பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது சின்னவள் வாந்தி எடுத்தாள். வெயில் என்றாள் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் தெரியும்வரை பிள்ளைகளை இந்த வண்டியில் ஏற்றுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

மீட்டர் வாங்குகிறவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரத்தை வாங்காதீர்கள். 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு வாயு) இருந்தால்கூட ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது கத்த வேண்டும் என்பது அதன் விதி. உலக சுகாதார நிறுவனமோ 8 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் எல்லையே சுமார் 9 பிபிஎம்தான். ஒன்று இரண்டு என்று சின்ன எண்ணையும் காட்டும் கையடக்க மீட்டர்தான் நமக்கு வேண்டும். மூக்கை நம்பவே கூடாது. இந்த வாயுவுக்கு வாடை கிடையாது. நமக்கு அடிப்பது கூட வரும் மற்றப் புகையின் வாடை.

கண்ணாடி ஏற்றி, ஏசியை உள்காற்றில் வைத்து ஓட்டினால் கடைசி சீட்டில் 40-ஐத் தாண்டியது. வெளிக்காற்றுக்கு மாற்றி ஃபேனை முழுசாக வைத்ததும் எண் சரசரவென இறங்கியது. எனக்கு முதல் துப்பு அதுதான். முன்னாலிருந்து வரும் காற்று உள்ளே அழுத்தத்தைக் கூட்டும்போது குறைகிறது என்றால், புகை நுழையும் வழி பின்னால்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கினால் எண் ஏறியது! முன்ஜன்னல் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்பப் பின்பக்க இடுக்கு வழியாகப் புகை வருகிறது. பெட்டி மாதிரி வண்டிக்குப் பின்னால் ஓடும்போது அழுத்தம் குறைந்து, புகை அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். கண்ணாடியை இறக்கினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

குழாய் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறியபின் வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகி, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் அடித்தேன். சைலென்சர் தையலில் துருப்பிடித்த பொடி ஓட்டைகளிலிருந்து நுரை வந்தது. தெற்கு டகோன் பக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் போட்டாயிற்று. எண் பாதியானது, போகவில்லை.

உண்மையான வேலை பின்கதவில்தான். இங்கே பர்மாவில் 1970இல் வண்டிகளை வலப்பக்கம் ஓட்டச் சொல்லி மாற்றிவிட்டார்கள்; ஜப்பான் வேனின் சறுக்குக் கதவோ இடப்பக்கம், அதாவது நடுரோட்டுப் பக்கம் திறக்கும். அதற்குப் பயந்து எங்கள் வீட்டில் சாமான் எல்லாம் பின்கதவு வழியாகத்தான் ஏறும், இறங்கும். அந்த ரப்பர் எப்படி உழைத்திருக்கும் பாருங்கள்.

பார்வைக்கு ரப்பர் நன்றாகவே இருந்தது. இங்கே பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனக்காவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கதவு வந்து ரப்பரில் உட்காரும் விளிம்பு முழுக்க மெல்லிசாகத் தடவினேன். கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தால், ரப்பர் அழுந்திய இடத்திலெல்லாம் மஞ்சள் கோடு ஒட்டியிருந்தது. இடது கீழ்மூலையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடே இல்லை. நேர் கீழே பின்குழாயின் வாய்! இருட்டியதும் உள்ளே டார்ச்சை வைத்துவிட்டு வெளியிலிருந்து குனிந்து பார்த்தேன். அதே மூலையில் ஒளிக்கீற்று. அதோடு பின்விளக்கு ஒயர் போகும் ஓட்டையிலும் வெளிச்சம். அங்கே இருக்க வேண்டிய ரப்பர் மூடியையே காணோம்.

அடி கணக்கில் விற்கும் ரப்பரை வாங்கிப் போட்டால் கதவை ஓங்கி அறைய வேண்டியிருந்தது; அவ்வளவு தடிமன். உடைக்கப் போட்டிருந்த இன்னொரு லைட்டேஸிலிருந்து மெத்தென்ற ரப்பர் கிடைத்தது. புதிய நகல் ரப்பரைவிட நல்ல பழைய ஜப்பான் ரப்பர் எவ்வளவோ மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டும்போது மூலைகளில் இழுக்கக் கூடாது. கொஞ்சம் தளர்த்தி, உள்ளே தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டும். இழுத்துப் போட்டால் நாளாக ஆகச் சுருங்கி, மூலையிலேயே விலகும்.

அப்படியும் அந்தக் கீழ்மூலையில் தனக்காக் கோடு மங்கலாகத்தான் விழுந்தது. பூட்டு மாட்டும் கொக்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மயிரிழை உள்ளே நகர்த்தி முடுக்கினேன். கூடப் போனால் கதவு பூட்டாது, குறைந்தால் ரப்பர் அழுந்தாது. தடவு, சாத்து, திற, துடை, மறுபடி நகர்த்து என்று ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது. கடைசியில் சுற்றிலும் ஒரே அகலத்தில் மஞ்சள் கோடு விழுந்தபோது மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிள்ளைகளை இன்னும் ஏற்றவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினோடு பொருந்தியிருக்கும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டிலிருந்து டிக் டிக் சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. இந்த இன்ஜினில் காற்று போவதும் புகை வருவதும் ஒரே பக்கம், இரண்டுக்கும் சேர்ந்து, கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட் ஒன்றுதான். கழற்றினால் அதைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த திருகாணிகளில் (ஸ்டட்) எது முறியும் என்று சொல்ல முடியாது. மாற்று ஸ்டட்டுகளை முதலில் வாங்கி வைத்துவிட்டு, மேனிஃபோல்ட் முகத்தை லேத் பட்டறையில் சமப்படுத்தக் கொடுக்கப் போகிறேன். முன்பு வைத்திருந்தவர் பம்பருக்குள்ளேயே வெட்டிவிட்ட பின்குழாயையும் வெளியே நீளும்படி நீட்டி வெல்டிங் போட வேண்டும். அதற்குக் குழாய் ஏற்கெனவே வாங்கியாயிற்று.