ஆச்சி ஒரு கேள்வி கேட்டார்கள்

“நல்லாப் போகும் ஆச்சி.” அன்று நான் சொன்னது இவ்வளவுதான். பொய் என்று சொல்லிவிட முடியாது. முழு உண்மையும் இல்லை. 19 வருடமாக டயர் வேலை பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தூக்கி இறக்கியிருப்பேன். அவற்றில் இந்த ஒரு வண்டி மட்டும் மழை பெய்தால் நினைவுக்கு வந்துவிடுகிறது.

செட்டிநாட்டு நகரத்தார்களின் பிள்ளையார் நோன்புக்கு மறுநாள். காரைக்குடியில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நோன்புச் சடங்கான இழை எடுத்தலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் கார்கள் காலையிலிருந்தே வரிசை கட்டி நின்றன. காற்று, பேலன்சிங், அலைன்மென்ட் என்று கை ஓயவில்லை. முதல்நாள் ராத்திரி நல்ல மழை. வந்த வண்டி எல்லாவற்றிலும் செம்மண் குழம்பு அப்பியிருந்தது.

அந்தத் தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சென்னையில் வேலை. ஜெர்மன் கார், முன்சக்கரம் இழுக்கும் வண்டி, 16 அங்குல அலாய் ரிம். வண்டியை ஆசையாக வைத்திருந்தார், உள்ளே ஒரு தூசி கிடையாது. பின்சீட்டில் அவருடைய அம்மா. ஆச்சி இறங்கவில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்டில் ஏற்ற வேண்டும் என்று சொன்ன பிறகுதான் இறங்கி, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

வண்டி மேலே போனதும் பார்த்தேன். முன்னால் இரண்டும் ஒரு கம்பெனி, பின்னால் இரண்டும் வேறு கம்பெனி. முன்னால் இருந்தவை ‘வி’ வடிவக் கோடு போட்டவை. கடையில் நாங்கள் அம்பு டயர் என்போம். எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருக்கும். பின்னால் இருந்தவற்றில் உள்பக்கம் ஒரு மாதிரி, வெளிப்பக்கம் ஒரு மாதிரி கோடு. அவற்றில் அம்பு இருக்காது, ‘அவுட்சைட்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த எழுத்து வெளியே தெரிந்தால் போதும், எந்தச் சக்கரத்திலும் மாட்டலாம். கேட்டபோது கதை தெரிந்தது. முதலில் நான்குமே அம்பு டயர்தான். ஒரு பள்ளத்தில் விழுந்து பின்னால் இரண்டும் பக்கவாட்டில் கிழிந்துவிட்டன. அதே மாடல் அப்போது கிடைக்காததால் வேறு இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அளவு ஒன்றுதான், அதில் தப்பில்லை. கேஜ் வைத்துக் கோட்டின் ஆழத்தை அளந்தேன். முன்னால் 3.1 மில்லிமீட்டர். பின்னால் 6.4.

“அண்ணே, முன்னாடி தேஞ்சிருச்சு, பின்னாடி புதுசு மாதிரி இருக்கு. எக்ஸ் போட்டு மாத்திருங்க. வீடியோல பாத்தேன்.”

வலது பின்னால் இருப்பதை இடது முன்னால், இடது முன்னால் இருப்பதை வலது பின்னால் என்று குறுக்காக மாற்றச் சொல்கிறார். முடியாது என்று சொல்லி, டயரைத் துடைத்து அம்பைக் காட்டினேன். பக்கம் மாறினால் இந்த டயர் தலைகீழாக உருளும் தம்பி, அந்தக் கோடு தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக நடுவுக்கு இழுக்கும், பக்கம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டி மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும் என்றேன். குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். “ஓ, சரிண்ணே” என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்ப நேரா மாத்திருங்க. நல்லதை முன்னாடி கொண்டாங்க. ஸ்டியரிங், பிரேக்கு எல்லாம் முன்னாடிதானே.”

இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்க வேண்டும்.

நின்றேன் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், “மழை நேரத்துல நல்லது பின்னாடி இருந்தா தேவலைம்பாங்க தம்பி” என்று சொல்லியிருக்கிறேன். ‘ம்பாங்க’. யாரோ சொல்வதாக. அம்பைக் காட்டியபோது என் குரல் இருந்த விதம் வேறு. அங்கே “முடியாது” என்றேன். இங்கே “தேவலைம்பாங்க”. அவர் சிரித்துக்கொண்டே, “முன்சக்கரம் இழுக்குற வண்டிண்ணே, முன்னாடிதான் கிரிப் வேணும்” என்றார். சரி என்று பையனிடம் கழற்றச் சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஈரச் சாலையில் முன்டயர் பிடி விட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். வேகம் குறையும், பெரும்பாலும் பிடி திரும்பி வரும். பின்டயர் பிடி விட்டால் அப்படியில்லை. வால் வீசும். வண்டி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். அப்போது காலை எடுத்தால் இன்னும் மோசம், எடை முன்னால் போய்ப் பின்பக்கம் மேலும் லேசாகும். பழகிய டிரைவருக்கே அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். அதனால்தான் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், இழுவை முன்னாலா பின்னாலா என்று பார்க்காமல் பின்னால் போடச் சொல்கிறார்கள். மிச்செலின் போன்ற டயர் கம்பெனிகளே சொல்வது இது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னால்தான் போடச் சொல்வார்கள். கேட்பதற்கு அதுதான் நியாயமாகவும் இருக்கும்.

கடைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இதை நான் வளவை, அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும் வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். என் அம்மா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தார்கள். சின்ன வயதில் மழை வந்தால் அந்த வீட்டு வளவுக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். ஒரு பொட்டுத் தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறாது, எல்லாம் தூம்பு வழியே வெளியே போய்விடும். ஒரு வருடம் தூம்பில் மண் அடைத்து, அதே மழைக்கு முற்றம் குளமாகிவிட்டது. டயரில் இருக்கும் கோடுதான் தூம்பு. 6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் தண்ணீர் ஓடும். 3 என்றால் பாதி தூர்ந்த தூம்பு. சாதாரணத் தூறலுக்குத் தாங்கும், கொட்டுகிற மழையில் வேகமாகப் போனால் தண்ணீர் வெளியேற இடம் இல்லாமல் டயரைத் தூக்கிவிடும். ‘வி’ கோடு தண்ணீர் தள்ளுவதில் கெட்டிக்காரக் கோடுதான். ஆனால் ஆழம் போன பிறகு அந்தக் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதையும் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

டயரை மாற்றிப் போடுவது தப்பான வேலை இல்லை. 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்டயர் சீக்கிரம் தேயும், அதைப் பின்னால் அனுப்பினால்தான் நான்கும் சமமாகத் தேயும். காலாகாலத்தில் மாற்றியிருந்தால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்திருக்கும், இந்தக் கேள்வியே வந்திருக்காது. அப்புறம், 3.1 சட்டப்படி நல்ல டயர். இதற்கு மேல் தேயக் கூடாது என்று காட்டும் தேய்மான மேடு 1.6 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. வண்டியில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ் இருந்தது. வண்டி அவருடையது, கேட்டதும் அவர்.

இதெல்லாம் சரிதான். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. நான் அழுத்திச் சொன்னால் அடுத்த கேள்வி, “அப்ப என்னண்ணே பண்ணலாம்?” பதில், “மாத்தாம இப்படியே போங்க, இல்லேன்னா ரெண்டு புதுசு வாங்குங்க.” ஜோடி 16,000 ரூபாய். டயர் விற்கிறவன் டயர் ஆபத்து என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வெளியூர் வண்டி என்று தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். அந்த நினைப்புக்குப் பயந்தேன். என் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்று பார்த்தேன். வாங்க வேண்டாம், சும்மா இப்படியே போங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்குக் காசே வேண்டாம். வரிசையில் ஏழு வண்டி நின்றதால் அது தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். தோன்றியது என்றுதான் நினைக்கிறேன்.

நான்கையும் மாட்டி, காற்றுச் சரிபார்த்து, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். கிளிக், கிளிக் என்று அத்தனையும் சரியாக. ஆச்சி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்கள். வானம் மறுபடி மூடியிருந்தது.

“ஏம்ப்பா, ராத்திரிக்குள்ள மெட்ராசு போகணும். மழை வரும் போலருக்கு. வண்டி நல்லாப் போகும்ல?”

“நல்லாப் போகும் ஆச்சி.”

“மழையில பயமில்லையே?”

அதற்கு நான், “தம்பி நல்லா ஓட்டுவாரு ஆச்சி” என்றேன். அவர் எப்படி ஓட்டுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அரை மணி நேரம் முன்னால்தான் அவரைப் பார்த்தேன். ஆச்சி தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்கள்.

மகனிடம் சொல்ல முடியாமல் போனதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். இதைத்தான் மறுபடி மறுபடி யோசிக்கிறேன். அந்தத் தம்பிக்கு நான் சொல்லும் கணக்குக்கு எதிர்க்கணக்கு இருந்தது. ஆச்சி வளவு வீட்டில் வாழ்ந்தவர்கள். பின்டயரில் தூம்பு பாதி தூர்ந்திருக்கு ஆச்சி, மழை கொட்டினா 60-க்கு மேல போக வேண்டாம்னு சொல்லுங்க என்றால் போதும். ஒரு நொடியில் புரிந்திருக்கும். திருச்சி தாண்டிச் சென்னை வரை 400 கிலோமீட்டருக்கு மேல் பின்சீட்டிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். எல்லாப் பையன்களுக்கும் சொல்லும் அந்த உவமை, அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் எதிரில் நின்றபோது வரவில்லை.

வண்டி போன பிறகு கடைப் பையன் ஜாக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, நல்லதைப் பின்னாடிதான் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?” கஸ்டமர் கேட்டதைச் செய்தோம் என்றேன். முதலாளியும் அதையேதான் சொன்னார். பையன் அதற்கு மேல் பேசவில்லை. அன்று சாயந்தரம் திருமயம் பக்கம் நல்ல மழை என்று புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். பில்லில் அந்தத் தம்பியின் நம்பர் இருந்தது. போன் பண்ணவில்லை. என்னவென்று கேட்பது?

மாசி சிவராத்திரிக்குப் படைப்பு என்று ஊருக்கு வந்த அந்தத் தம்பி கடைக்கும் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. காற்றுப் பார்க்கச் சொன்னார். குனிந்தேன். இடது பின்சக்கரத்து அலாயில், விளிம்பில், விரல் நீளத்துக்கு உரசல். ஏதோ கல்லிலோ கட்டையிலோ பக்கவாட்டில் போய் இடித்த மாதிரி. டிசம்பரில் அந்த ரிம்மை நான்தான் துடைத்தேன், அப்போது அது இல்லை. சென்னையில் பார்க்கிங் போடும்போதும் இப்படி உரசும். தினமும் பார்க்கிறோம்.

“பின்னாடி ரெண்டும் மாத்திரலாம் தம்பி” என்றேன். இந்தத் தடவை ‘ம்பாங்க’ இல்லை.

“மாத்திருங்கண்ணே” என்றார். விலை கேட்கவில்லை, கம்பெனி எது என்றும் கேட்கவில்லை. முன்னால் இருப்பதைப் போலவே இரண்டு புதியதைப் பின்னால் மாட்டினேன். அவர் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டைப் பார்த்தேன், காலியாக இருந்தது.

“ஆச்சி வரலையா தம்பி?”

“வந்தாங்கண்ணே. விடியக்காலைப் பல்லவன் ரயில்ல கிளம்பிட்டாங்க. கார்ல வரலைன்னுட்டாங்க.”

அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரும் போனிலிருந்து தலையைத் தூக்கி, கேட்கட்டும் என்பதுபோல ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

“வயசாயிருச்சுல்ல தம்பி, அவங்களுக்கு ரயில்தான் தோது” என்றேன்.

“ஆமாண்ணே” என்றார்.